நாலு விரல் தடம்

…அங்க வேணாம், இன்னும் கொஞ்சம் கீழ, உதட்டோரத்துல ஒரே ஒரு பொட்டு ரத்தம், கன்னத்துல லேசா ஒரு சிவப்பு, போதும், மூஞ்சி கெடக்கூடாதும்மா, பாக்க அழகா இருக்கணும்னு சொல்லிட்டு டைரக்டர் போயாச்சு, காயம் அழகா இருக்கணுமாம், நல்லா இருக்கு நியாயம், இத்தனை வருஷமா இந்த ஆளோட சீரியல்களுக்கு மேக்கப் போடறேன், அந்த ஒரு வார்த்தை மட்டும் மாறவே இல்லை, ஆஸ்பத்திரி சீன்னாலும் அழகு, சாவு வீடுன்னாலும் அழகு, இப்ப இதுக்கும் அழகு… நாற்காலியில பாப்பா தூங்கறா, பாப்பான்னா கதாநாயகி, யூனிட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறது, விடிய விடிய வேற ஒரு ஷூட்டிங் முடிச்சுட்டு நேரா இங்க வந்திருக்கு பாவம், கண்ணாடியைச் சுத்தி இருக்கற பல்பு கண்ணைக் குத்துதுன்னு நாற்காலியை என் பக்கமா திருப்பிப் போட்டுக்கிட்டு, கை ரெண்டையும் தொங்கவிட்டு, வாய் லேசா திறந்தபடி தூங்குது. தூங்கட்டும், நேத்து முழுநாளும் கத்தினது அதோட தொண்டைதானே. தூங்கற மூஞ்சியில காயம் போடறது சுலபம், அசையாது, பேசாது, ஆனா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும், ஒண்ணும் தெரியாத பிள்ளையை நாமளே அடிச்ச மாதிரி. சரி, யோசிச்சா வேலை நடக்காது, முதல்ல கன்னத்தை முடிப்போம்.

நேத்து எடுத்தாங்க அந்த சீனை. ரேட்டிங் இறங்கிப் போச்சாம், அதனால கதையில எவனோ ஒருத்தன் கையில பாப்பாவுக்கு இது நடந்தாகணும்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க, போன மாசம்தான் ஞாபகம் போய்த் திரும்பி வந்தா, அதுக்கு முந்தி மாடிப்படியில உருண்டா, நடுவுல எவளோ பால்ல விஷத்தைக் கலந்தா, அத்தனைக்கும் தப்பிச்சவளுக்கு இப்ப இது… எப்படி எடுப்பாங்கன்னு எனக்கு மனப்பாடம், கதவு தானா சாத்திக்கும், பாப்பா பின்பக்கமாவே நடந்து போவா, கை பட்டு பூச்சாடி விழுந்து உடையும், ஓரமா ஒரு பெரிய ஃபேனை வெச்சு ஜன்னல் திரையைப் பறக்க விடுவாங்க, ஒரு அலறல், அப்புறம் கேமரா அப்படியே மெதுவா மேல போயி விளக்கைக் காட்டும், விளக்கு அணையும், உடனே சோப்பு விளம்பரம். எத்தனை சீரியல், எத்தனை பூச்சாடி, பூச்சாடி உடையாம உலகத்துல ஒருத்திக்கும் ஒண்ணும் நடக்காது போலிருக்கு. என் தங்கச்சிக்கு நடந்தப்போ ஒண்ணுமே உடையலை. எதுவும் உடையலக்கா, அவன் கார்ல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, நல்ல பாட்டுன்னா, அவ்வளவுதான் சொன்னா, அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. அலறினியாடின்னு கேக்க எனக்கும் வாய் வந்துச்சு, நல்லவேளை கேக்கலை. இப்பவும் அந்தப் பாட்டு எந்தப் பாட்டுன்னு எனக்குத் தெரியாது, எங்கயாவது கடையில ரேடியோ பாடினா, இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு வாங்க வந்ததை விட்டுட்டு நடந்துடுவேன்.

நேத்து டீ குடிக்கறப்ப வசனகர்த்தாவும் டைரக்டரும் பேசிட்டு இருந்தாங்க, யாரு பழி வாங்கறது, அண்ணனா புருஷனா, அண்ணன்னா ஜனங்க அழுவாங்க சார், புருஷன்னா கைதட்டுவாங்க, அப்படியா, அப்ப முதல்ல அண்ணன் அடிக்கட்டும் பின்னாடி புருஷன் வரட்டும்… கல்யாணச் சாப்பாட்டுக்கு என்னென்ன வைக்கலாம்னு பேசற மாதிரி பேசறாங்க. எனக்கு நாக்கு சும்மா இருக்காதே, மறுநாள் அந்தப் பொண்ணு என்ன சார் பண்ணுவான்னு கேட்டேன். மறுநாளா? மறுநாள் எபிசோட் அண்ணனோடதும்மா, அப்படின்னார் வசனகர்த்தா, சிரிக்காமத்தான் சொன்னார், கிண்டல்கூட இல்லை, அதுதான் கொடுமை. கெட்ட மனுஷன் இல்லை அவர், எனக்காக என் பிள்ளை காலேஜ் சீட்டுக்கு அலைஞ்சிருக்கார், நாவலும் எழுதுவார், தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தி அவர் நாவல்னா உயிரை விடுவா, சாப்பிடறப்பகூட தட்டுக்குப் பக்கத்துல புத்தகம் திறந்து கிடக்கும். அந்த விஷயத்துக்கப்புறம் ஒருநாள், அவரோட புதுசு ஒண்ணு, படிச்சுட்டே இருந்தவ படக்குனு மூடிட்டா. என்னடின்னேன். கசக்கி எறிஞ்ச பூன்னு எழுதியிருக்காருக்கா, ஏன்க்கா எல்லாரும் அவளைப் பூங்கறாங்க, எனக்கு மறுநாள் காலைல நல்லாப் பசிச்சுதுக்கா, நாலு தோசை குடுத்தா அஞ்சாவதும் கேட்டிருப்பேன், அது தப்பா, எந்தக் கதையிலயும் அவ சாப்பிடவே மாட்டேங்கறாளே, ஒண்ணு செத்துப் போறா, இல்லேன்னா கத்தியைத் தூக்கறா, நடுவுல பசிக்காதா அவளுக்கு… கேட்டுட்டு அவளே சிரிச்சா. நான் சட்டையை மடிச்சுட்டு இருந்தேன், மடிச்சதையே மறுபடி உதறி மடிச்சேன்.

ரத்தக்கட்டு ஒரு நாள்ல போறது இல்லை, அது இவங்களுக்குத் தெரியாது, சீரியல்ல ரெண்டு விளம்பரம் முடிஞ்சா கன்னம் பளிங்கு மாதிரி ஆயிடும். நிஜத்துல முதல்ல சிவப்பு, அப்புறம் ஊதா, அப்புறம் கருநீலம், ஓரத்துல பச்சை பூக்கும், கடைசியில மஞ்சளாகி, அழுக்கு மாதிரி ஆகி, தேய்ச்சுக் குளிச்சாலும் போகாம நின்னு, ஒருநாள் பாத்தா இருக்காது. ஒவ்வொரு நிறத்தையும் மறைக்க ஒவ்வொரு நிறம் வேணும், நீலத்துக்கு மேல ஆரஞ்சு, பச்சை ஆகும்போது லேசா சிவப்பு, அதுக்கு மேலதான் தோல் நிறம், அப்புறம் பவுடர்… தங்கச்சி ஒரு கண் ஆஸ்பத்திரியில வரவேற்புல வேலை பாத்துட்டு இருந்தா அப்போ, யூனிஃபார்ம் அரைக்கை, லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க, அதைப் பண்ணினவனுக்கும் அதே கட்டடத்துலதான் வேலை, அவன் யாருன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னா, போலீஸுக்குப் போலாம்டின்னேன், அம்மா செத்துடுவாக்கா, சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னா, கையைப் பிடிச்சுக்கிட்டா, பண்ணினேன். மறுநாள் காலையில, அக்கா உன் பெட்டியை எடேன்னா. என் கண்ணாடி முன்னாடி வந்து உக்காந்து கையைத் தூக்கினா. மேல் கையில, உள்பக்கம், நாலு விரல் வரிசையா, வெளிப்பக்கம் கட்டைவிரல், நடுவிரல் தடத்துக்கு மேல நகம் பதிஞ்ச சின்னப் பிறை, வேற எங்கயும், மூஞ்சியிலகூட, ஒரு கீறல் இல்லை. அம்மா வெளியில நின்னு இன்னுமா கிளம்பறீங்கன்னு கத்தறா, நான் ஆரஞ்சை எடுத்து மெதுவா ஒத்தறேன், வலிக்குதாடி, இல்லக்கா, பொய் சொல்லாத, இல்லக்கா… மஞ்சள் போற வரைக்கும் தினமும் காலையில அதே வேலை. அம்மா கண்ணுக்கே தெரியலை, கழுகுக் கண்ணு அவளுக்கு, சட்டையில ஒரு பட்டன் மாத்தித் தெச்சாலே கண்டுபிடிச்சுடுவா, அவளுக்கே தெரியலை. அப்புறம் வேற வேலை மாறினா, கல்யாணம் ஆச்சு, நல்ல மனுஷன், கொஞ்சம் வாயாடி, இவளை உள்ளங்கையில வெச்சுத் தாங்கறார், அவருக்கும் தெரியாது. இந்த உலகத்துல அந்தக் கை எனக்கும் அவளுக்கும் அந்த நாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

அக்கா. யாரு கூப்பிட்டது? பாப்பா கண்ணைத் திறந்துட்டா. என்னைப் பாக்கலை, தன்னோட கையைப் பாத்துட்டு இருக்கா, இடது கையை லேசா தூக்கி, உள்பக்கத்தை, நானும் பாத்தேன், ஐயோ, நான் எப்ப பிரஷ்ஷைக் கன்னத்துலருந்து எடுத்தேன், எப்ப குனிஞ்சேன், எப்ப ஊதா தொட்டேன்… நாலு விரல். வரிசையா. ஓரத்துல கருநீலம் கலங்கி, நடுவுல கறுத்து, நடுவிரலுக்கு மேல அந்தப் பிறைகூட. திருப்பினா கட்டைவிரல் கண்டிப்பா இருக்கும், எனக்குத் தெரியும், நான்தானே போட்டிருக்கேன், பாவி, என் கை போட்டிருக்கு. அக்கா, இதை எங்க பாத்தீங்கன்னு மெதுவா கேட்டா பாப்பா. சின்னப் பொண்ணுதான், ஆனா கேட்ட விதம் சின்னப் பொண்ணு கேட்ட மாதிரி இல்லை. எங்கயும் இல்லம்மா, ஏதோ படத்துல பாத்தது, கை தன்னால போயிடுச்சு, இரு துடைச்சுடறேன்னு பஞ்சைத் தேடறேன், எண்ணெய் பாட்டில் எங்க போச்சு, கண்ணு முன்னாடிதானே இருக்கும் எப்பவும், அதுக்குள்ள கதவு திறந்து டைரக்டர், பின்னாடியே வசனகர்த்தா. ரெடியாம்மான்னு கேட்டுட்டே வந்தவர் அப்படியே நின்னுட்டார்.

பிரமாதம்மா, அப்படின்னார். குனிஞ்சு பாத்தார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிட்டுப் பாத்தார், ஒரிஜினல் மாதிரியே இருக்கேம்மா, இவ்வளவு நாளா இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க! வசனகர்த்தா கையில இருந்த காகிதத்தை மடிச்சுக்கிட்டே, இது ஒண்ணே போதும் சார், வசனமே வேணாம், நேரா கைக்குப் போயிடுங்கன்னார். இல்ல சார் தப்பாப் போட்டுட்டேன், துடைச்சுடறேன், இந்தக் கலர் பாப்பா தோலுக்கு ஒத்துக்காது, அலர்ஜி ஆயிடும் சார்னு ஏதேதோ உளர்றேன். அஞ்சே நிமிஷம்மா, ஒரே ஒரு க்ளோஸ்-அப், எடுத்ததும் நானே துடைச்சு விடறேன், போதுமா? பாப்பா, எரியுதா? பாப்பா என்னைப் பாத்தா. எரியுது சார்னு சொன்னா, எனக்காகத்தான் சொன்னா, குழந்தை, நல்லா இருக்கணும் அவ. எரிஞ்சா நல்லதுதாம்மா, மூஞ்சியில அது தெரியும், வான்னு தோளைத் தட்டிக் கூட்டிட்டுப் போயிட்டார். நாளைக்கு சாயங்காலமே இது டி.வி.யில வரும், கையிருப்புல ஒரு எபிசோட்கூட இல்லை, இன்னிக்கு எடுத்து ராத்திரி வெட்டி ஒட்டி நாளைக்குப் போட்டாகணும். தங்கச்சி வீட்டுல சோபாவுல அவ, அவ வீட்டுக்காரர், அவ மாமியார், மூணு பேரும் வரிசையா உக்காந்து ஒருநாள் விடாம பாப்பாங்க, எங்க அக்கா போட்ட மேக்கப்புன்னு மாமியார்கிட்ட பெருமை வேற பேசுவா, திரை முழுக்க அவ கை வரும், பக்கத்துல அவ புருஷன்… எந்த மூஞ்சியோட உக்காந்திருப்பா?

செட்டுக்குப் போனேன், போகாம இருக்க முடியலை, மானிட்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். பாப்பா கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல தரையில உக்காந்திருக்கா, தோள்பக்கம் மட்டும் அளவா கிழிச்ச சட்டை, கிளிசரின் போட்டுக்கிறியான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டா. ஆக்‌ஷன். கேமரா நகந்து நகந்து கைக்கு வருது, மானிட்டர்ல அந்த நாலு விரலும் என் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிசாகுது, அந்த நேரம் பாப்பா என்ன பண்ணினா, யாரும் சொல்லிக் குடுக்கலை, காகிதத்துலயும் இல்லை, இன்னொரு கையைக் கொண்டுவந்து அந்தத் தடத்தை அப்படியே பொத்திக்கிட்டா. அழலை, பொத்திக்கிட்டு எதிர்ல சுவத்தைப் பாத்துட்டு இருந்தா. அதுதான், அப்படித்தான், என் தங்கச்சி ஆஸ்பத்திரி பஸ்சுல ஏறினதும் அப்படித்தான் பொத்திக்குவா, மேக்கப் எல்லாம் போட்டப்புறமும்… கட் கட் கட். கையை எடும்மா, காயம் மறையுது பாருன்னு கத்தினார் டைரக்டர். யாரோ சிரிச்சாங்க, கேலியா சிரிக்கலை, சும்மா, வழக்கமா சிரிக்கற மாதிரி. மறுபடி எடுத்தாங்க. பாப்பா கையை எடுத்துட்டா. தடம் நல்லாத் தெரிஞ்சுது, எல்லாருக்கும் திருப்தி. நான் வெளியில வந்து, பழைய மேசை நாற்காலி எல்லாம் அடுக்கி வெச்சிருக்கற சந்துல நின்னு, தங்கச்சிக்கு போன் போட்டேன்.

என்னக்கா இந்த நேரத்துலன்னா, குக்கர் சத்தம் பின்னாடி. குட்டி, நாளைக்கு நீ சீரியல் பாக்காதடின்னேன். ஏன், யாரைச் சாகடிக்கப் போறாங்கன்னு சிரிச்சா. சொன்னேன். எப்படியோ சொன்னேன், பாதி முழுங்கி, பாதி அழுது, வேணும்னு பண்ணலடி, உன் நெனப்பு வந்துச்சு, கை தானா போட்டுடுச்சு, துடைக்கறதுக்குள்ள வந்துட்டாங்க, சத்தியத்தை மீறணும்னு நெனச்சதே இல்லடி, என்னை மன்னிச்சுடு… அந்தப் பக்கம் குக்கரை அணைக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், எந்தக் கையில போட்டேக்கான்னு கேட்டா. இடது கைடி, உன்னோடது மாதிரியே, அந்த நகம்கூடன்னேன். எனக்கு வலது கைக்கா. இல்லடி, இடதுதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கண்ணு முன்னாடி நிக்குது. என் கை எதுன்னு எனக்குத் தெரியாதாக்கா, இன்னிக்கு வரைக்கும் வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க மாட்டேன், அவர்கூட கேலி பண்ணுவார். எப்படிடி, நான்தானே தினமும் போட்டேன், எனக்கு எப்படி மாறும்? அவ கோபமா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னா, காய் வாங்கினதைச் சொல்ற மாதிரி. நீ என்னை எங்கக்கா பாத்தே, நீ பின்னாடி நின்னுக்கிட்டு கண்ணாடியைப் பாத்தே போட்டுட்டு இருப்பே, அதுல வலது இடதாத்தானே தெரியும், நான் உன் பக்கம் திரும்புவேன், அசையாதடி மேக்கப் கலைஞ்சுடும்னு தாடையைப் பிடிச்சு நேரா திருப்பி விட்டுடுவே, தினமும் அப்படித்தான்… விடு, நல்லதாப் போச்சு, வேற கைதானே, யாருக்கும் தெரியப் போறது இல்லை, நான் பாப்பேன் நாளைக்கு, பாக்காம எழுந்து போனாத்தான் அத்தை ஏன்னு கேப்பாங்க. அழாதக்கா. சாப்பிட்டியா?

வெச்சுட்டா. டச்சப், மேக்கப் எங்கப்பான்னு உள்ள கத்தறாங்க, கத்தட்டும். எங்க வேலையில அதுதான் பழக்கம், ஆளைப் பாத்தா நிறம்தான் தெரியும், கண்ணாடியில பாத்தாத்தான் மொத்தமா எப்படி இருக்குன்னு தெரியும், அதனால கண்ணு எப்பவும் கண்ணாடியிலதான் இருக்கும், முன்னாடி உக்காந்திருக்கறது அமைச்சரா இருந்தாலும் அப்படித்தான், ஆனா அவ என் தங்கச்சி. கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காலையைத் தேடறேன், அவ மூஞ்சி வேணும், கண்ணாடியில இருக்கறது இல்லை, நேரா, என் பக்கம் திரும்பினப்ப இருந்த மூஞ்சி, ஒரு நாளாவது, ஒரு கணமாவது பாத்திருப்பேனே, தாடையைத் தொட்டிருக்கேனே, தொட்ட விரலுக்குக்கூடவா ஞாபகம் இல்லை… வரலை. அந்தக் கண்ணாடிதான் வருது, அதுல அவ தலைக்கு மேல குனிஞ்சு, பல்லால உதட்டைக் கடிச்சுக்கிட்டு, வேலையில மும்முரமா இருக்கற என் மூஞ்சி வருது, சரியா மறைஞ்சுடுச்சுன்னு ஒரு சின்னத் திருப்திகூட அதுல இருக்கு. தினமும் என் பக்கம் திரும்பினாளாமே. என்ன சொல்ல வந்தா?